தெளிந்த நீரில் ஒரு பகை

சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் திருத்தணி அமைந்துள்ளது. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகப் போற்றப்படும் இவ்வூர், ஆந்திர எல்லையை அடுத்து இருப்பது. 1960 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில்தான் இது அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மலையடிவாரத்திலிருந்து கோயில் வரை 365 படிகள் உள்ளன. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி! அப்படிகளை ஏறி, மூச்சு வாங்க மேலே நின்று, நாற்புறமும் நோக்குவோமாயின் நம் கண்ணுக்கு முதலில் தோன்றுவது நீரே. அடிவாரத்தில் தெப்பம் மிதக்கும் சரவணப் பொய்கை, அப்பால் நந்தியாறு, அதற்கும் அப்பால் வயல்களுக்கிடையே ஏரிகள். இவற்றோடு இன்னொன்றும் தோன்றும். ஊரிலுள்ள வீடுகளின் மொட்டைமாடிகளில் கறுப்பும் வெளுப்புமாக வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் தண்ணீர்த் தொட்டிகளே அவை. ஆற்றையும் ஏரியையும் கண்டு மகிழும் நாம் அத்தொட்டிகளைப் பொருட்படுத்துவதில்லை. இப்பாடத்தின் கதை பெரிதும் அத்தொட்டிகளைப் பற்றியது.

இப்பகுதியில் பெய்யும் மழை எங்கே செல்கிறது? திருத்தணிக்கு அண்மையிலுள்ள பள்ளிப்பட்டுப் பக்கத்தில் தோன்றும் கொசத்தலை ஆறு, கிழக்கு நோக்கி ஓடிப் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1944 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்நீர்த்தேக்கத்தில் தேங்கும் நீர், கால்வாய் வழியே சென்று சென்னை மக்களின் குடிநீராகின்றது. மிஞ்சிய வெள்ளம் எண்ணூருக்கு அருகே கடலில் கலக்கிறது. எனவே, மலையடிவாரத்துச் சிற்றூரும் கடற்கரையிலுள்ள பெருநகரும் ஒரே நீரால் பிணைக்கப்பட்டவை. நீர் இவ்விரண்டையும் பிணைப்பதுபோலவே நோயும் பிணைக்கக் கூடும். பகலில் சென்னையில் பணிபுரிந்து இரவில் திருத்தணிக்குத் திரும்புவோரை நாள்தோறும் புகைவண்டியில் காணலாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வருவோர் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் ஆந்திர நாட்டிலிருந்தும் வருகின்றனர். அவர்களுள் ஒருவரது குருதியில் மலேரியாக் கிருமி இருந்தால் அதுவும் அவரோடு பயணம் செய்யும்.

மலேரியாவை நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் வழங்கினர். பெயரே நோயின் இயல்பைக் கூறிவிடுகிறது. முதலில் குளிர் எடுக்கும். நான்கு கம்பளிகளைப் போர்த்தினாலும் பற்கள் கிட்டித்து உடல் நடுங்கும். பின்னர் உடல் அனலாய்க் கொதிக்கும். இறுதியில் வியர்வை பெருகிக் காய்ச்சல் தணியும். நோய் நீங்கிற்று என்று நோயாளி எழுந்து அமர்வார். ஒருநாள் கழித்து, முன்பு வந்த அதே வேளையில், மீண்டும் குளிர் தொடங்கும். இவ்வாறு முறை வைத்து வருதலால் அது முறைக்காய்ச்சலாயிற்று. மலேரியா என்னும் சொல்லோ இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ எனப் பொருள்படுவது. சதுப்பு நிலங்களிலிருந்து எழும் தீய காற்றே இந்நோய்க்குக் காரணம் என்று ஐரோப்பியர் பன்னூறு ஆண்டுகள் நம்பியிருந்தனர். காற்றின்மேல் சுமத்தப்பட்ட அப்பழியைத் துடைத்தவர்களுள் ஒருவர், சென்னை மாகாணத்து மருத்துவப் பணியில் சேர்ந்து நம் நாட்டுக்கு வந்தவர்.

அவர் பெயர் ரொனால்டு ராஸ். 1857 இல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று 1881 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் பெங்களூரில் பணியாற்றியபோது அவர் தங்கியிருந்த வீட்டில் கொசுத் தொல்லை தாங்க முடியாததாயிற்று. சன்னலுக்கு வெளியே நீர் நிறைந்த ஒரு தொட்டி இருந்தது. அதனுள் நோக்கினார், புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், சில நாட்களில் வீட்டில் கொசு குறைந்தது. இதைக் கண்டு மகிழ்ந்த ராஸ், உடன் பணிபுரிந்த அலுவலர் ஒருவரிடம் அவரது இடத்திலுள்ள நீர்க்கலங்களையும் கவிழ்க்கலாமே என்றார். அலுவலரோ இசையவில்லை. கொசுக்களும் ஏதோ ஒரு பயன் கருதியே படைக்கப்பட்டவை என்பது அவர் கருத்து! கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை அப்போது ராஸும் அறியார். அறியாதபோதே அதனை ஒழிக்கும் வழி அவர் கைக்கு எட்டிவிட்டது. இவ்வாறு காரணம் தெரியுமுன் வழி தெரிவதும், காரணம் தெரிந்தபின் வழியை மறப்பதும் மருத்துவ வரலாற்றில் புதுமையல்ல.

பிரெஞ்சு மருத்துவர் லவரான் 1880 இல் ஆல்ஜீரியாவில் நோயாளி ஒருவரது குருதியில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். அக்கிருமி ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பதே விளங்காமல் இருந்தது. கொசு வழியாகச் செல்லக்கூடும் என்று லண்டன் மருத்துவர் பேட்ரிக் மேன்சன் ராஸுக்கு எடுத்துரைத்தார். 1895 இல் இந்தியா திரும்பிய ராஸ், செகந்தராபாத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வெயிலில் வெந்த சிறு அறை. வியர்வை பட்டுத் துருவேறிய உருப்பெருக்கி. விசிறியின் காற்று கொசுவின் நுண்ணுறுப்புகளைச் சிதறடிக்குமென்று அதையும் நிறுத்திவிட்டு அவர் உழைத்தார். நோயுற்ற உசேன்கான் என்பவரைக் கொசுக்களால் கடிக்கச் செய்து, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்கு வழங்கினார் என்பர். 1897 ஆம் ஆண்டு ஆகஸ்டு 20 ஆம் நாள், புள்ளியிட்ட இறக்கைகளையுடைய ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியை அவர் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது அடுத்த உயிரின் உடலுள் புகுவதை நிறுவினார். அதே காலத்தில் இத்தாலிய அறிஞர் கிராசியும் அவர்தம் துணைவரும் மனிதரிடத்தில் இது நிகழ்வதை மெய்ப்பித்தனர். 1902 இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாக் கொசுக்களும் மலேரியாவைப் பரப்புவதில்லை. அனாபிலிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த சில வகைகளே பரப்புகின்றன. அவற்றுள்ளும் பெண் கொசுவே நம்மைக் கடிக்கும். ஆண் கொசுவுக்குச் செடிகொடிகளின் சாறே உணவு. பெண் கொசுவுக்கு முட்டை வளர்ச்சிக்குக் குருதி தேவை. அது பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரையுள்ள நேரத்தில் கடிக்கும். சுவரில் அமரும்போது உடலைச் சாய்த்து, பின்புறத்தை உயர்த்தி அமர்வதைக் கொண்டு இதனை அடையாளம் காணலாம். ஏனைய கொசுக்கள் சுவரோடு ஒட்டினாற்போல் அமரும். நீரில் வாழும் புழுப் பருவத்திலும் வேறுபாடு உண்டு. சாக்கடைக் கொசுவின் புழு நீர்ப்பரப்பிலிருந்து தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகத் துரும்புபோல் மிதந்து கிடக்கும். அதன் முட்டைகளோ படகுபோன்ற வடிவின. இருபுறமும் காற்றடைத்த மிதவைகளை உடையன. கிண்ணத்து நீரில் கிடந்தால் தூசி என்றே எண்ணத் தோன்றும்.

இங்கே ஒரு சிறு கணக்கை நாம் மனத்தில் இருத்த வேண்டும். முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு கொசுவாகிப் பறக்க, நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் ஆகும். பறந்து சென்ற கொசு ஒரு நோயாளியைக் கடித்தபின், அதன் உடலில் கிருமி முதிர்ந்து அடுத்தவரைத் தொற்றும் நிலையை அடைய மேலும் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கொசுவின் ஆயுளோ சில வாரங்களே. ஆகவே, நோயைப் பரப்பும் அளவுக்கு முதுமையடையும் கொசு நூற்றில் சிலவே. முதல் எட்டு நாட்களுக்குள் நாம் தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் அந்தச் சிலவும் பிறவாமலே போகும். வாரம் ஒருமுறை நீர்க்கலங்களைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, உலர்த்த வேண்டுமென்று சுகாதாரத் துறையினர் கூறுவது ஏதோ ஒரு நாளைக் குறித்துச் சொன்ன சடங்கன்று; அது கொசுவின் வளர்ச்சி நாட்களை எண்ணி வகுத்த முறை.

இனிச் சென்னை நகரை நோக்குவோம். வடக்கே கொசத்தலை, இடையே கூவம், தெற்கே அடையாறு என மூன்று ஆறுகள் அந்நகரைத் தொட்டுச் செல்கின்றன. இவற்றைக் குறுக்கே இணைப்பது பக்கிங்காம் கால்வாய். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொட்டுகிறது. தமிழ்நாட்டில் மலேரியாவுக்கு ஆளானவர்களுள் பெரும் பகுதியினர் பல ஆண்டுகளாகச் சென்னை நகரத்தவராகவே இருந்தனர். காரணம் யாது என்று வழியில் செல்வோரைக் கேட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டு கூவத்தைச் சுட்டிக் காட்டுவர். பார்ப்பதற்கு அது பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் அது பிழை. கூவத்தின் கறுத்த நீரில் பெருகுவது க்யூலெக்ஸ் என்னும் சாக்கடைக் கொசு. அது தரும் துன்பம் சிறிதன்று. யானைக்கால் நோயைப் பரப்புவது அதுவே. மலேரியாவை அது பரப்புவதில்லை. நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு தூய நீரை நாடுவது. வீட்டுக் கிணறு, மொட்டைமாடித் தொட்டி, தரைக்கடியில் கட்டிய சேமிப்புத் தொட்டி, கட்டடம் எழும்பும் இடத்தில் சிமெண்டுக்காகத் தேக்கிய நீர் ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். நாம் பருகுவதற்கென்று காத்து வைக்கும் நீரையே அதுவும் தன் குஞ்சுகளுக்கென்று தேர்ந்துகொள்கிறது. ஆற்றைப் பழித்துவிட்டு நம் வீட்டு மாடியை மறந்துபோனோம் என்பதே உண்மை.

நகரத்தார் இவ்வளவு நீரைச் சேமித்து வைப்பது ஏன்? குழாயில் எப்போதும் நீர் வருவதில்லை. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்நிலைகளும் ஏறத்தாழ வறண்டு போயின. தெருக்களில் லாரி வரும் நேரத்துக்காக மக்கள் வண்ணக் குடங்களுடன் நள்ளிரவிலும் காத்திருந்தனர். அவ்வாறு பெற்ற நீரை வீணாக்க யாருக்கு மனம் வரும்? அண்டாவிலும் தவலையிலும் பீப்பாயிலும் நிரப்பி வைத்தனர். மழை மிகுந்தால் கொசு மிகும் என்பதை நாம் அறிவோம். மழை குறைந்தாலும் கொசு மிகக்கூடும் என்பதைப் பலர் அறியார். பெருமழையானது புழுக்களை அடித்துச் செல்வதும் உண்டு. வறட்சியோ ஒவ்வொரு வீட்டிலும் அசையாத நீரைத் தேக்கச் செய்துவிடுகிறது.

வறட்சி விளைத்த கேட்டுக்குப் பெரிய சான்று இலங்கையில் உண்டு. அத்தீவின் தென்மேற்குப் பகுதியில் மழை மிகுதி. களனி, மகா ஓயா முதலிய ஆறுகள் ஆண்டு முழுதும் கரை தழுவி ஓடுவன. ஓடும் நீரில் கொசுப்புழு தங்காது. எனவே அங்கு மலேரியா அரிதாகவே இருந்தது. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் மெலிந்து, பாறை இடுக்குகளிலும் மணற் குழிகளிலும் சிறுசிறு குட்டைகளாகத் தெளிந்து நின்றன. ஆற்றுக் குட்டையை விரும்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் கொசுவுக்கு அது பெருவாய்ப்பாயிற்று. அவ்வாண்டு இறுதியில் நோய் பரவத் தொடங்கியது. நோயை முன்பு அறியாத மக்களாதலின் அவர்கள் உடலில் அதை எதிர்க்கும் ஆற்றலும் இல்லை. உணவுப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 1935 இறுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். ஆறு வற்றியதால் இத்தனை உயிர்கள் மாண்டன என்றால் இன்றும் நம்புதற்கு அரிதாகவே உள்ளது.

நம் நாட்டிலும் இழப்பு சிறிதன்று. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் என்றும், எட்டு லட்சம் பேர் இறந்தனர் என்றும் கணக்கிட்டுள்ளனர். 1953 இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. சிற்றூர் தோறும் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்தைத் தெளித்தனர். பால் முல்லர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1939 இல் கண்ட பூச்சிக்கொல்லி அது. 1958 இல் கட்டுப்பாடு என்னும் சொல்லை நீக்கி, ஒழிப்பு என்னும் சொல்லைத் திட்டத்தின் பெயரில் சேர்த்தனர். அந்நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. 1965 இல் நாடு முழுவதிலும் நோயாளர் தொகை ஒரு லட்சமாகக் குறைந்தது. இலங்கையிலோ 1963 இல் 17 பேருக்கே நோய் கண்டது.

அந்தப் பதினேழில்தான் ஆபத்து இருந்தது. நோய் போய்விட்டது என்று இலங்கையில் தெளிப்பை நிறுத்தினர், காவலும் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிற்று. இந்தியாவில் 1976 இல் 64 லட்சம் பேர் நோயுற்றனர். டி.டி.டி. மருந்துக்குக் கொசுக்கள் பழகிப்போனது ஒரு காரணம். மருந்தும் பணமும் உரிய காலத்தில் கிட்டாமை மற்றொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுவே நம் பாடத்துக்கு நெருங்கியது. சிற்றூர்களின் சுவர்களில் மருந்து தெளித்தபோது நகரங்களை அத்திட்டம் பெரிதும் விட்டுவிட்டது. நகராட்சிகள் புழுக்களை அழித்துக்கொள்ளும் என எண்ணினர். நகரத்துத் தொட்டிகளில் பிறந்த நோய் மீண்டும் சிற்றூர்களுக்குத் திரும்பியது. பின்னர்தான், 1971 இல், நகர்ப்புற மலேரியாத் திட்டம் எனத் தனியே ஒன்று வகுக்கப்பட்டது. சுவரில் தெளிப்பதைவிட நீரில் உள்ள புழுவை அழிப்பதே அதன் அடிப்படை. கிணறுகளில் கம்பூசியா என்னும் சிறு மீனை விட்டனர். கொசுப்புழுவை உண்ணும் அம்மீன் விரலளவும் இராது. ஊதியம் கேளாத ஊழியன் என்று அதனைக் கூறலாம்.

இதற்கான சட்டமோ நம்மிடம் வெகு நாட்களாகவே உண்டு. 1939 ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கெனத் தனிப் பகுதி அமைந்துள்ளது. தன் மனையில் கொசு பெருகுமாறு நீரைத் தேங்கவிடுதல் ஆகாது என்பது அதன் கருத்து. அண்டை வீட்டான்மேல் கல்லெறிவது குற்றமென்று எல்லாரும் ஒப்புவர். அண்டை வீட்டின்மேல் கொசுவைப் பறக்கவிடுவதும் குற்றமென்று சட்டம் கூறுவது பலருக்கு வியப்பாகவே இருக்கும்.

நம் நகரங்களில் வாழும் ஸ்டீபன்சிக் கொசு இப்போது கடல் கடந்தும் சென்றுவிட்டது. 2012 இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் அதைக் கண்டனர். பின்னர் எத்தியோப்பியாவிலும் கண்டனர். ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் மிகுந்திருந்த மலேரியா அக்கண்டத்து நகரங்களிலும் வேரூன்றுமோ என்று மருத்துவ உலகம் கவலை கொண்டுள்ளது. மறுபுறம், பெருந்தோல்வி கண்ட இலங்கையே மனம் தளராது மீண்டும் முயன்றது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் ஊழியர்கள் ஊர்தோறும் சென்று காய்ச்சலுற்றோரின் குருதியைச் சோதித்தனர். 2012 அக்டோபருக்குப்பின் சில ஆண்டுகள் அந்நாட்டு மண்ணில் ஒருவருக்கும் புதிதாகத் தொற்றவில்லை. 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. தமிழ்நாட்டிலும் சென்னையிலும் நோயாளர் தொகை இப்போது பெரிதும் குறைந்துவிட்டது. 2030 க்குள் நாடு முழுவதும் நோயை ஒழிப்பது இந்தியாவின் குறிக்கோள்.

தொகை குறைந்துள்ள இக்காலத்தில் மருந்து உண்பதிலும் ஒரு நுட்பம் உள்ளது. மலேரியாக் கிருமிகளுள் விவாக்ஸ் என்னும் வகையே சென்னையில் மிகுதி. அது குருதியிலிருந்து நீங்கிய பின்னும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் எழ வல்லது. காய்ச்சல் என்றதும் விரல் நுனியில் ஒரு துளிக் குருதி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சோதிக்க வேண்டும். கிருமி இருப்பின் குளோரோகுயின் மூன்று நாள் தருவர். அது குருதியிலுள்ள கிருமியை அழிக்கும். கல்லீரலில் உறங்குவதை அழிக்கப் பிரைமாகுயின் என்னும் மாத்திரையை மருத்துவர் கூறும் அளவில் பதினான்கு நாள் உண்ண வேண்டும். சிலருக்கு அம்மாத்திரை ஒவ்வாதாதலின் தாமாக வாங்கி உண்ணல் தகாது. என் உறவினர் ஒருவர் சென்னையில் பணியாற்றியபோது இக்காய்ச்சலுக்கு ஆளானார். நான்காம் நாள் காய்ச்சல் நின்றது; எஞ்சிய மாத்திரைகளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து, விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, நடு இரவில் அவருக்குக் குளிர் எடுத்தது. அவ்வீட்டில் கைக்குழந்தை ஒன்றும் முதியவர் ஒருவரும் இருந்தனர். மாடியில் மூடியற்ற தொட்டியும் இருந்தது. அன்றிரவு அவர் குருதியை உண்ட கொசு எத்தனை என்று யார் அறிவார்?

சென்ற ஐப்பசித் திங்களில், திருத்தணி மலையடிவாரத் தெருவொன்றில் நான் கண்டதைக் கூறி முடிக்கிறேன். மழை விட்டு வெயில் எறித்த காலை அது. சுகாதாரப் பணியாளர் ஒருவர் கையில் நீண்ட பிடியுடைய வெண்ணிற அகப்பையுடன் வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தார். ஒரு வீட்டுத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் அமர்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, மாடித் தொட்டியைப் பார்க்க வேண்டும்” என்றார் பணியாளர்.

“எங்கள் வீட்டுத் தொட்டியிலா கொசு? அது குடிதண்ணீர், தம்பி. கால்வாய்ப் பக்கம் போய்ப் பார். அங்கேதான் நாறுகிறது.”

“கால்வாயில் பிறப்பது வேறு கொசு, அம்மா. உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதனால்தான் பார்க்க வேண்டும் என்கிறேன்.”

“நல்லதாயிருப்பதும் குற்றமா?” என்று நகைத்தார் மூதாட்டி. எனினும் உள்ளே நோக்கித் தம் பேரனை அழைத்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் அச்சிறுவன் ஏணியைச் சாத்தினான். நானும் உடன் சென்றேன்.

தொட்டியின் மூடி ஒருபுறம் உடைந்திருந்தது. உடைந்த இடத்தை ஒரு செங்கல்லால் மறைத்திருந்தனர். அக்கல்லும் மழையில் நகர்ந்துபோயிருந்தது. மிகுநீர் வழியும் குழாயின் வாயோ திறந்தே கிடந்தது. மூடியைச் செப்பனிட்டாலும் அக்குழாய் வழியே கொசு நுழையும் என்பதைப் பணியாளர் சிறுவனுக்குக் காட்டினார். பின்னர் அகப்பையைச் சாய்த்து, நீர்ப்பரப்பை மெல்லத் தொட்டு எடுத்து, திண்ணைக்குக் கொண்டுவந்து மூதாட்டியின்முன் நீட்டினார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நோக்கினார். பளிங்குபோல் தெளிந்த நீர். அதன்மேல் ஐந்தாறு துரும்புகள். ஒன்று வாலை உதறி நகர்ந்தது; மற்றவையும் நகர்ந்தன.

மூதாட்டி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. தொடுத்த பூவைக் கூடையில் வைத்தார். “இதையா இத்தனை நாள் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுத்தேன்?” என்றார்.

“காய்ச்சிக் குடித்ததால் வயிற்றுக்குக் கேடில்லை, அம்மா. பறந்த பிறகுதான் கேடு” என்றார் பணியாளர். தொட்டியைக் காலிசெய்து, உட்சுவரைத் தென்னைநார்த் தூரிகையால் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் காயவிடச் சொன்னார். நீரை வெளியேற்றினால் மட்டும் போதாது என்றும் கூறினார். குழாய் வாய்க்குப் பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்துக் கட்டுமாறு சொன்னார்.

சிறுவன் அதற்குள் மீண்டும் மாடிக்குப் போய்விட்டான். அங்கிருந்து அவன் குரல் கேட்டது.

“பாட்டி! பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு மூடியே இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. பின்தெருவில் மூன்று தெரிகிறது!”

பணியாளர் தம் குறிப்பேட்டைத் திறந்தார். “இறங்காதே, தம்பி; அங்கேயே நின்று ஒவ்வொன்றாகச் சொல்” என்றார். மூதாட்டி எழுந்து, அடுத்த வீட்டு வாயிலை நோக்கி நடந்தார்.